எடுத்த படமும் எடுத்துக்கொண்ட படமும்

எங்க ஆயா செத்தது 2009இல். கருமாதிக்கு முந்தின நாள்தான் எங்களுக்கு உறைத்தது, வீட்டில் ஆயாவின் போட்டோ ஒன்றுகூட இல்லை. எழுபது வயசுக்கு மேல் வாழ்ந்த மனுஷி. நடவு, களையெடுப்பு, அறுப்பு என்று ஐம்பது வருஷம் ஊர்க்காரர் நிலத்தில் உழைத்தவள். அவள் முகம் எங்கேயும் பதிவாகவில்லை. பெட்டியெல்லாம் கவிழ்த்துத் தேடியதில் வாக்காளர் அட்டை ஒன்றுதான் கிடைத்தது. அதில் ஆயா இருந்த இடத்தில் ஒரு கறுப்புக் கட்டம். உற்றுப் பார்த்தால் கண்ணின் வெள்ளையும் மூக்குத்தியும் தெரியும். பெயரும் தப்பாக இருந்தது.

டவுனில் ஸ்டுடியோக்காரர் அதைப் பெரிசு பண்ணி, நூல் சேலையைப் பட்டுச் சேலையாக்கி, முகத்தை வெளுக்க வைத்துக் கொடுத்தார். "நல்லா கலரா வந்திருக்கு பாருங்கம்மா" என்றார். அம்மா வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார். "இது யாரு? எங்கம்மா கறுப்பு. கறுப்பாவே போட்டுக் குடுங்க."

ஆயாவின் படம் இன்னொன்று இருக்கிறது என்று பிறகு அம்மா சொன்னார். அது எங்கள் வீட்டில் இல்லை. ஆயா வேலை பார்த்த பெரிய வீட்டின் கூடத்தில் மாட்டியிருக்கும் கல்யாணப் படம். குடும்பமே நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும். கீழே அவர்கள் எல்லாருடைய பெயரும் இருக்கும். ஓரத்தில், பாதி உடம்பு சட்டத்துக்கு வெளியே போய்விட, கையில் விளக்கமாறோடு ஆயா. தள்ளிப் போகச் சொல்ல மறந்ததால் படத்துக்குள் வந்துவிட்டவள்.

'படம் எடுத்தார்கள்' என்கிறோம். 'படம் எடுத்துக்கொண்டோம்' என்றும் சொல்கிறோம். 'கொள்' என்கிற துணைவினை, செயலின் பயன் செய்தவருக்கே போய்ச் சேருவதைக் காட்டும் என்று எம்.ஏ. இலக்கண வகுப்பில் படித்தேன். அன்றைக்கு அது தேர்வுக்கான விடை, அவ்வளவுதான். ஆயாவின் இந்த இரண்டு படங்களையும் நினைக்கும்போதுதான் அந்தத் துணைவினைக்குள் ஒரு வரலாறே இருப்பது புரிந்தது. ஆயாவை எடுத்திருக்கிறார்கள். ஆயா ஒருதரம்கூட எடுத்துக்கொள்ளவில்லை.

உருவப்படக் கலை என்று கலை வரலாற்று நூல்கள் பேசுவது பெரும்பாலும் ராஜாவையும் பிரபுவையும் வணிகரையும் அவர் மனைவியையும்தான். காசு இருந்தவருக்கு முகம் இருந்தது. காசு இல்லாதவரின் முகம் படத்தின் ஓரத்தில் விசிறியோ தட்டோ பிடித்துக்கொண்டு நின்றது. இந்த ஏற்பாட்டைக் குலைக்க ஒரு மக்கள் கூட்டம் எப்படிப் போராடியது என்று பார்க்க, அமெரிக்கக் கறுப்பின மக்களின் வரலாற்றைவிடத் தெளிவான பாடம் எனக்குத் தெரிந்து இல்லை. அவர்கள் கதை நமக்கு அந்நியமும் இல்லை. அம்பேத்கர் 1946இல் டபிள்யூ. இ. பி. டு பாய்ஸுக்குக் கடிதம் எழுதி, இரண்டு மக்களின் நிலையும் எவ்வளவு ஒத்திருக்கிறது என்பதைச் சுட்டிக்காட்டினார். 1972இல் மராட்டிய இளைஞர்கள் தங்கள் இயக்கத்துக்குத் தலித் பேந்தர்ஸ் என்று பெயர் வைத்தபோது அந்தச் சிறுத்தை எங்கிருந்து வந்தது என்பது எல்லாருக்கும் தெரியும்.

*

1850. அமெரிக்காவின் தென்கரோலினா மாநிலம், கொலம்பியா நகரம். ஜோசப் ஜீலி என்பவரின் ஸ்டுடியோவுக்கு ஏழு அடிமைகள் அழைத்துவரப்படுகிறார்கள். ஐந்து ஆண்கள், இரண்டு பெண்கள். படம் எடுக்கச் சொன்னவர் ஹார்வர்டு பேராசிரியர் லூயி அகாசி. மனித இனங்கள் தனித்தனியாகப் படைக்கப்பட்டவை, கறுப்பர் வேறு வகை என்று நிறுவ அவருக்குச் சான்று வேண்டியிருந்தது. அந்த ஏழு பேரின் துணியைக் களையச் சொன்னார்கள். முன்பக்கம், பக்கவாட்டு என்று எடுத்தார்கள். அப்போதிருந்த முறையில் படம் காகிதத்தில் விழாது, வெள்ளி பூசிய செப்புத் தகட்டில் விழும். ஒரு தகட்டுக்கு ஒரு படம்தான், பிரதி போட முடியாது.

ரெண்டி என்ற முதியவர். அவர் மகள் டெலியா. ஜாக். அவர் மகள் ட்ரானா. அப்பன் முன்னாலும் மகள் முன்னாலும் அதே கேமரா. இவர்கள் பெயர் நமக்கு எப்படித் தெரியும்? தகட்டோடு சீட்டு ஒட்டியிருந்தார்கள். அந்தச் சீட்டில் பெயர் மட்டும் இல்லை, எந்த முதலாளியின் தோட்டத்தைச் சேர்ந்தவர் என்பதும் சேர்த்தே இருந்தது. மாட்டுக்குச் சூடு போடுவதுபோல. 'பெயர் எழுதிவிட்டால் மரியாதை வந்துவிடும்' என்று நினைக்கிறவர்கள் இதை யோசிக்க வேண்டும். உடையவன் எழுதிய பெயர் உடைமைக் கணக்கில்தான் சேரும்.

இதைப் படிக்கும்போது எனக்கு எழும்பூர் அருங்காட்சியகம் ஞாபகம் வந்தது. 1885 முதல் 1908 வரை அங்கே கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன், தென்னிந்தியா முழுக்க மூக்கின் நீளத்தையும் அகலத்தையும் அளந்து சாதியைக் கணக்கிட்டவர். 1909இல் ஏழு தொகுதிகளாக வந்த அவரது நூலில் நம் மக்களின் முகங்கள் இருக்கின்றன. படத்தின் கீழே இருப்பது பெரும்பாலும் சாதிப் பெயர்தான், ஆளின் பெயர் இல்லை. வயநாட்டில் பணியர் குடிப் பெண்கள் தன்னைக் கண்டு ஓடியதை அவரே எழுதிவைத்திருக்கிறார். தங்களில் நல்ல உருப்படியாகப் பிடித்துக்கொண்டுபோய்ப் பாடம் பண்ணி மெட்ராஸ் மியூசியத்தில் நிறுத்தப்போகிறார் என்று அந்தப் பெண்கள் பயந்தார்களாம். அவர் அதை வேடிக்கையாகச் சொல்கிறார். எனக்கு வேடிக்கையாகத் தெரியவில்லை. தன்னைப் பார்க்கிற கண் எப்படிப்பட்டது என்பது அந்தப் பெண்களுக்குச் சரியாகவே தெரிந்திருக்கிறது.

*

கருவி ஒன்றுதான். அது அகாசியின் கையில் செய்த வேலை வேறு. பிரெடரிக் டக்ளஸ் அதன் முன்னால் போய் உட்கார்ந்தபோது நடந்தது வேறு.

1838இல் அடிமைத்தளையிலிருந்து தப்பி வந்தவர் டக்ளஸ். பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்காவில் மிக அதிகமாகப் படம் எடுத்துக்கொண்ட மனிதர் அவர்தான் என்று இன்றைக்குக் கணக்கிட்டிருக்கிறார்கள். ஏறத்தாழ 160 தனித்தனிப் படங்கள். ஜனாதிபதி லிங்கனுக்குக்கூட அவ்வளவு கிடையாது. இது தற்பெருமை இல்லை. வெள்ளை ஓவியர்கள் கையில் கறுப்பருக்கு நேர்மையான உருவப்படம் கிடைக்கவே கிடைக்காது என்று 1849இலேயே அவர் எழுதினார். தடித்த உதடும் இளிப்புமாகவே வரைவார்கள். ஆகவே அவர் கோட்டு, கழுத்துப்பட்டை அணிந்து, சிரிக்காமல், கேமராவை முறைத்து உட்கார்ந்தார். சிரிக்கிற அடிமை என்கிற பொம்மையை உடைக்க, சிரிக்காத ஒரு மனிதன் தேவைப்பட்டான். 1861இல் உள்நாட்டுப் போர் நடக்கும்போது, மேடையேறிப் படங்களைப் பற்றி ஒரு சொற்பொழிவே நிகழ்த்தினார்.

நம் சேரிகளில் மாட்டியிருக்கிற அம்பேத்கர் படத்தை நினைத்துப் பாருங்கள். சாமி படம்கூட இல்லாத வீட்டில் அது இருக்கும். கோட்டு, கண்ணாடி, கையில் புத்தகம். 'ஏழை மக்களின் தலைவருக்கு எதுக்குக் கோட்டு சூட்டு?' என்று கேட்கிற முற்போக்குத் தோழர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள். கோவணத்தோடு நம்மை எடுத்து வைத்த படங்கள் அருங்காட்சியகத்தில் நிறைய இருக்கின்றன, தோழர். அந்தக் கோட்டு எங்கள் பதில். அந்தப் பதில் உறைப்பதால்தான் சிலையை உடைக்கிறார்கள், அரசாங்கம் அதற்குக் கம்பிக் கூண்டு போடுகிறது.

டக்ளஸுக்காவது படிப்பு இருந்தது. சோஜர்னர் ட்ரூத் அம்மையாருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நியூயார்க் மாநிலத்தில் அடிமையாகப் பிறந்தவர். 1860களில் படம் தகட்டிலிருந்து காகித அட்டைக்கு வந்துவிட்டது. ஒரு எதிர்மறையிலிருந்து எத்தனை பிரதி வேண்டுமானாலும் போடலாம். அந்த அம்மா வெள்ளைத் தலைச்சீலையும் சால்வையும் அணிந்து, பின்னல் ஊசியும் நூலுமாக உட்கார்ந்து படம் எடுத்துக்கொண்டார். கூட்டங்களுக்குப் போகிற இடத்தில் விற்றார். நிழலை விற்று உடம்பைக் காப்பாற்றுகிறேன் என்ற பொருளில் அட்டையின் கீழே ஒரு வாசகம். அப்போது போட்டோவை 'நிழல்' என்று சொல்வார்கள். 1864இல் அந்தப் படத்துக்குத் தன் பெயரிலேயே பதிப்புரிமை வாங்கினார். படம் எடுத்தவன் பெயரில் இல்லை. ஒரு காலத்தில் தன்னையே விலைக்கு விற்ற நாட்டில், தன் படத்துக்குத் தானே விலை வைத்தார். 'எடுத்துக்கொள்ளுதல்' என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

1900இல் பாரிஸ் உலகக் கண்காட்சிக்கு டு பாய்ஸ் 363 புகைப்படங்களைத் தொகுத்து அனுப்பினார். எதிரி எடுத்த அதே முறையில், முன்பக்கம், பக்கவாட்டு என்று பல முகங்கள். ஆனால் எல்லாரும் நல்ல உடையில், நிமிர்ந்து. அகாசியின் முறையையே எடுத்து அகாசியை அடித்த வேலை அது. ஆனால் ஒன்று, அந்தத் தொகுப்பிலும் முகங்களுக்குப் பெயர் எழுதப்படவில்லை. நம் பக்கத்திலும் அந்தத் தவறு நடக்கும் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

*

போட்டோ மலிவானது, சாமானியருக்கும் எட்டியது. மண்ணும் வெண்கலமும் அப்படியில்லை.

ஆகஸ்டா சாவேஜ் 1892இல் புளோரிடாவில் பிறந்தவர். அந்த ஊர்ச் செம்மண்ணில் வாத்து பிசைந்து விளையாடிய குழந்தையை, விக்கிரகம் செய்வது பாவம் என்று பாதிரியாரான அப்பாவே அடித்தார். 1923இல் பிரான்சில் ஒரு கோடைக்காலக் கலைப்பள்ளிக்கு விண்ணப்பித்தபோது, வெள்ளை மாணவிகளுக்குச் சங்கடமாக இருக்கும் என்று இடம் மறுத்தார்கள். தனிக் குவளை அங்கேயும் உண்டு. அவர் விடவில்லை, பத்திரிகைகளில் பகிரங்கமாகச் சண்டை போட்டார்.

1929 வாக்கில் அவர் செய்தது 'காமின்' என்ற மார்பளவுச் சிலை. தெருப்பையன் என்று பொருள். சாய்ந்த தொப்பி, கசங்கிய சட்டை, எல்லாத்தையும் பார்த்துவிட்டேன் என்கிற மாதிரி ஒரு பார்வை. அதுவரைக்கும் மார்பளவுச் சிலை யாருக்கு? தளபதிக்கு, ஜனாதிபதிக்கு. சாவேஜ் அந்த மரியாதையைத் தெருவில் திரிகிற கறுப்புப் பையனுக்குக் கொடுத்தார். வெண்கலத்தில் வார்க்கக் காசில்லாத காலத்தில் பிளாஸ்டரில் செய்து வெண்கல நிறம் பூசுவார். 1939இல் நியூயார்க் உலகக் கண்காட்சிக்காக, பாடுகிற கறுப்பு முகங்கள் வரிசையாக நிற்கும் ஒரு யாழை 16 அடி உயரத்தில் செய்தார். லட்சக்கணக்கானோர் பார்த்தார்கள். கண்காட்சி முடிந்ததும் வெண்கலத்தில் வார்க்கவும் காசில்லை, கொண்டுபோய் வைக்கவும் இடமில்லை. இடித்துவிட்டார்கள். படங்களும் சின்னச் சின்ன நினைவுப் பிரதிகளும்தான் மிச்சம். நம் ஆட்கள் செய்தது ஏன் நிலைக்கவில்லை என்று கேட்பவர்கள், வெண்கலத்தின் விலையையும் விசாரித்துவிட்டுக் கேட்கட்டும்.

சாவேஜ் வேலை செய்த அதே ஹார்லெமில் ஜேம்ஸ் வான் டெர் ஸீ ஸ்டுடியோ வைத்திருந்தார். கல்யாணம், சாவு, சங்கக் கூட்டம் எல்லாத்துக்கும் அவர்தான். வருகிறவரை அவசரப்படுத்தாமல் உட்கார வைத்து, பின்திரை மாற்றி, எதிர்மறையில் கையால் வேலை செய்து, அவர்கள் எப்படித் தெரிய ஆசைப்பட்டார்களோ அப்படிக் கொடுத்தார். 1969இல் நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகம் ஹார்லெமைப் பற்றி ஒரு பெரிய கண்காட்சி வைத்தபோது அவர் படங்களைத்தான் எல்லாரும் வியந்து பார்த்தார்கள். ஆனால் ஹார்லெமின் ஓவியர் ஒருவர்கூட, சிற்பி ஒருவர்கூட உள்ளே இல்லை. கறுப்பர் முகம் வேண்டும், கறுப்பர் கலை வேண்டாம். கறுப்புக் கலைஞர்கள் வாசலில் அட்டை பிடித்து நின்றார்கள். வான் டெர் ஸீயோ, எண்பது வயசு தாண்டிய நிலையில், அதே 1969இல் குடியிருந்த வீட்டிலிருந்து வெளியேற்றப்பட்டார். முகத்தைக் கொண்டாடுவதும் ஆளைத் தெருவில் விடுவதும் ஒரே வருஷத்தில் நடக்கும்.

எலிசபெத் காட்லெட் வேறு வழியில் போனார். அடிமைகளின் பேத்தி. 1946இல் மெக்சிகோ போய், அங்கே தொழிலாளர் இயக்கத்தோடு சேர்ந்து வேலை செய்த மக்கள் அச்சுப் பட்டறையில் இணைந்தார். 1952இல் அவர் வெட்டிய 'குத்தகை விவசாயி' என்ற லினோ அச்சு, நம் சிற்றிதழ் அட்டைகளில் லினோ அச்சைப் பார்த்துப் பழகியவர்களுக்கு உடனே பிடிபடும். அகன்ற ஓலைத்தொப்பி, கோடுகள் விழுந்த முகம், பொத்தான் இல்லாத மேல்சட்டையைப் பிடித்து நிறுத்துகிற ஒரு ஊக்கு. பெண்ணின் பார்வை நம் மேல் இல்லை, நமக்கு அப்பால் எங்கேயோ. பெயரும் இல்லை. அப்படியானால் இது தர்ஸ்டனின் படத்திலிருந்து எப்படி வேறுபடுகிறது? நான் நிறைய யோசித்தேன். அந்த ஊக்குதான் பதில் என்று படுகிறது. மூக்கை அளக்கிறவன் கண்ணுக்கு ஊக்கு தெரியாது. அதை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போனவளைப் பக்கத்திலிருந்து பார்த்தவருக்குத்தான் தெரியும். தவிர, லினோ அச்சு நூற்றுக்கணக்கில் போடலாம், கூலிக்காரர் வீட்டுச் சுவருக்கும் போகும்.

*

ஸ்டுடியோக்காரர் ஆயாவை வெளுக்க வைத்தது அவர் தனி ஆசை இல்லை. கருவிக்கு நிறம் கிடையாது, சாதி கிடையாது என்று சொல்வார்கள். பல பத்தாண்டுகளாக வண்ணப் படச்சுருளின் நிறத்தைச் சரிபார்க்க, ஒரு வெள்ளைப் பெண்ணின் படம் போட்ட அட்டையைத்தான் கோடாக் நிறுவனம் ஸ்டுடியோக்களுக்கு அனுப்பியது. 'ஷெர்லி அட்டை' என்று பெயர். அவள் முகம் சரியாக வந்தால் எல்லாம் சரி. கறுப்புத் தோல் அந்தச் சுருளில் இருட்டாக விழுந்தது. சாக்லேட் கம்பெனிக்காரர்களும் மரச்சாமான் கம்பெனிக்காரர்களும் தங்கள் சரக்கின் பழுப்பு சரியாக விழவில்லை என்று புகார் சொன்ன பிறகுதான் சரிசெய்யும் வேலை நடந்தது என்று அங்கே வேலை பார்த்தவர்களே பின்னாளில் சொல்லியிருக்கிறார்கள். தாய்மார்களின் குறை எடுபடவில்லை, மேஜை நாற்காலியின் குறை எடுபட்டது.

போலராய்டு கதை இன்னும் மோசம். தென்னாப்பிரிக்காவில் நிறவெறி அரசு கறுப்பர் கையில் திணித்த பாஸ் புத்தகத்துக்கு, நிமிஷத்தில் படம் எடுக்க அந்தக் கம்பெனியின் அடையாள அட்டைக் கேமரா பயன்பட்டது. 1970இல் அமெரிக்காவில் அதே கம்பெனியின் கறுப்புத் தொழிலாளர்கள் இதைக் கண்டுபிடித்துக் கிளர்ச்சியைத் தொடங்கினார்கள். 1977இல் கம்பெனி தென்னாப்பிரிக்காவை விட்டு வெளியேறியது. 2018இல் வந்த ஆய்வு ஒன்று, முகம் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்லும் கணினிகளைச் சோதித்தது. வெளிர்நிற ஆண்களிடம் அதிகபட்சத் தவறு நூற்றுக்கு 0.8. கறுத்த பெண்களிடம் 34.7 வரை. ஆய்வைச் செய்த ஜாய் புவோலாம்வினி கறுப்பினப் பெண். கணினி தன் முகத்தை முகமாகவே கண்டுகொள்ளாதபோது, வெள்ளை முகமூடி மாட்டிப் பார்த்திருக்கிறார். உடனே கண்டுகொண்டது. எங்க ஆயாவின் வாக்காளர் அட்டைக் கறுப்புக் கட்டத்துக்கு இவ்வளவு நீளமான வம்சாவளி இருக்கிறது.

இதற்கு ஓவியத்தில் எதிர்வினை செய்தவர் கெர்ரி ஜேம்ஸ் மார்ஷல். 1980இல் அவர் வரைந்த சுயஉருவப் படம், முட்டைக்கருவில் குழைத்த வண்ணத்தில் ஒரு சின்னத் தாள். கறுப்புப் பின்புலத்தில் கறுப்பு முகம். கண்ணின் வெள்ளையும், ஒரு பல் போன சிரிப்பும், சட்டையின் ஓரமும்தான் முதலில் தெரியும். கறுப்பரைக் கேலி செய்த பழைய சித்திரங்களின் அதே இளிப்பு. டக்ளஸ் மறுத்த சிரிப்பை இவர் எடுத்து நம் முகத்திலேயே வீசுகிறார். அதன் பிறகு அவர் வரைந்த மனிதர்கள் யாரும் பழுப்பு இல்லை, மாநிறம் இல்லை. கன்னங்கரேல் என்ற கறுப்பு. தந்தக் கரி, விளக்குக் கரி, இரும்புக் கரி என்று கறுப்பிலேயே பலவகை எடுத்து, நீலமும் பச்சையும் கலந்து, கறுப்புக்குள் கன்னத்தையும் நெற்றியையும் தோளையும் பிரித்துக் காட்டினார். கறுப்பு என்பது வெளிச்சம் இல்லாத இடம் இல்லை, அதற்குள் பார்க்க நிறைய இருக்கிறது. கறுப்பாவே போட்டுக் குடுங்க என்று அம்மா கேட்டது இதைத்தான்.

*

ரெண்டியும் டெலியாவும் என்ன ஆனார்கள்? 1976இல் ஹார்வர்டின் பீபாடி அருங்காட்சியகத்துப் பரணில் அந்தத் தகடுகள் கிடைத்தன. 1990களின் நடுவில் கேரி மே வீம்ஸ் என்ற கறுப்புப் பெண் கலைஞர், அந்தப் படங்களைப் பெரிதாக்கி, சிவப்பு நிறமேற்றி, மேலே கண்ணாடியில் எழுத்துப் பொறித்து, அவர்களுக்கு நடந்ததைப் பார்வையாளர் முகத்துக்கு எதிரே சொன்னார். 2019இல், ரெண்டி தன் முப்பாட்டன் என்று சொல்லி ஒரு பெண் ஹார்வர்டு மேல் வழக்குப் போட்டார். படம் பல்கலைக்கழகச் சொத்தா, அந்த மனிதரின் வம்சத்துக்குச் சொந்தமா? ஆறு வருஷம் நடந்தது. 2025இல் சமரசம் ஏற்பட்டு, தகடுகளைக் கைவிட ஹார்வர்டு ஒப்புக்கொண்டது. அவர்கள் அடிமையாக இருந்த தென்கரோலினாவிலேயே இருக்கும் ஆப்பிரிக்க அமெரிக்க அருங்காட்சியகத்துக்கு அவை போகும் என்று அறிவிக்கப்பட்டது. படம் எடுத்து 175 வருஷம்.

நடுகல்லில் செத்தவனின் உருவத்தோடு பெயரையும் அவன் செய்த காரியத்தையும் எழுதினார்கள் என்று சங்க இலக்கியம் நமக்குப் பெருமையாக நடத்தப்பட்டது. தர்ஸ்டன் நூலில் இருக்கும் நம் முன்னோருக்கு யார் பெயர் எழுதுவது? எந்த ஊர், எந்தத் தெரு என்று தேடிப் போக இன்றுவரை எத்தனை பேர் முயன்றோம்? ஆராய்ச்சி மாணவர்கள் இதைத் தலைப்பாக எடுக்க வேண்டும். அது முடியாதவர்கள் ஒன்று செய்யலாம். உங்கள் வீட்டில் இருக்கிற கிழவன் கிழவியை, அவர்கள் விரும்புகிற சேலையில், அவர்கள் உட்கார விரும்புகிற இடத்தில், அவர்கள் நிறத்திலேயே படம் எடுங்கள். படத்தின் பின்னால் பெயரும் ஊரும் செய்த வேலையும் எழுதுங்கள். போன் தொலைந்தால் படமும் தொலையும், காகிதத்தில் அச்சுப் போட்டு அவர்கள் கையிலேயே கொடுங்கள்.

போன தை மாசம் அந்தப் பெரிய வீட்டுக்குப் போனேன். கல்யாணப் படம் இன்னும் கூடத்தில்தான் இருக்கிறது. வாசலில் நின்றே பார்த்தேன். ஓரத்தை மட்டும் போனில் எடுத்துக்கொள்கிறேன் என்று கேட்டேன். "அதுல என்ன இருக்கு?" என்றார் வீட்டுக்காரர். எங்க ஆயா என்றேன். அவர் எழுந்துபோய்ப் படத்தை உற்றுப் பார்த்தார். அத்தனை வருஷம் அந்தக் கூடத்தில் உட்கார்ந்து சாப்பிட்டவர், அன்றைக்குத்தான் அங்கே ஒரு ஆள் நிற்பதைப் பார்த்தார். அப்புறம் கேட்கிறேன், யோசித்துச் சொல்கிறேன் என்றார். இன்னும் சொல்லவில்லை. திரும்பவும் போவேன்.